ஒளி செல்லும் வழி: பிலிம் எஸ்.எல்.ஆர். காமிராவைப் பழகுதலும் பேணுதலும்



காமிராவைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாகப் படங்களைக் காட்டிப் பேசுவார்கள். நான் ஒரு படத்தையும் கொண்டு வரவில்லை. பிலிமில் எடுக்கும் எஸ்.எல்.ஆர். காமிராவை எவ்வாறு கையாளுவது, எவ்வாறு கெடாமல் வைத்துக்கொள்வது என்ற இரண்டு விஷயங்களைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். புத்தகங்கள் இவ்விரண்டையும் வெவ்வேறு பாடங்களாகப் பிரித்தே வைத்திருக்கின்றன. முதல் அத்தியாயங்களில் பிரயோகமும், வாசகர் களைத்துப்போன கடைசி அத்தியாயத்தில் பராமரிப்பும் வரும். என் அபிப்பிராயம் வேறு. லென்ஸின் முகப்பில் விழும் கிரணமானது எந்த இடத்தைத் தொட்டு, எங்கே திரும்பி, எங்கே தடைப்பட்டு, முடிவில் பிலிமைச் சேர்கிறது என்பதை மனத்திலே ஒருமுறை தெளிவாக வரைந்துகொண்டவனுக்கு, எதை எப்படித் திருப்ப வேண்டும் என்பதும் எதன்மீது கை படலாகாது என்பதும் ஒருங்கே விளங்கிவிடும். வரைந்துகொள்ளாதவனோ, எத்தனை விதிகளை நெட்டுருப் பண்ணியிருந்தாலும், கல்யாணப் பந்தலில் தாலி கட்டும் அவசரத்தில் அத்தனையையும் மறந்து நிற்பான். ஆகையால் இன்று ஒளியின் பின்னாலேயே நடந்து போவோம்.

பேச்சுக்கு ஆதாரமாக ஒரு காமிரா வேண்டும். பென்டாக்ஸ் கே1000 என்னும் கருவியை எடுத்துக்கொள்கிறேன். 1976-இல் வெளிவந்து, முதலில் ஜப்பானிலும் பின்னர் ஹாங்காங்கிலும் சீனாவிலுமாக, 1997 வரை அநேகமாக மாறுதல் இன்றியே செய்யப்பட்டு வந்த காமிரா அது. தானே படம் எடுத்துக்கொள்ளும் டைமர் அதில் இல்லை. தானே அளவுகளைத் தீர்மானிக்கும் ஏற்பாடு இல்லை. அணைக்கவும் போடவும் ஒரு சுவிட்சுகூட இல்லை. இத்தனை இல்லாமைகளின் காரணமாகவே அது பல தேசங்களில் போட்டோகிராபி வகுப்புகளின் காமிராவாக விளங்கிற்று. அதன் ஷட்டர் முழுவதும் வில்லும் பற்சக்கரமுமாக இயங்குவது. உள்ளே இருக்கும் பாட்டரி, ஒளியை அளக்கும் மீட்டரின் முள்ளை அசைப்பதற்கு மட்டுமே பயன்படுவதால், பாட்டரி தீர்ந்துபோன காமிராவிலும் படம் எடுக்கலாம். நிக்கான் எஃப்எம்2, ஒலிம்பஸ் ஓஎம்-1, நம் நாட்டில் ஒரு காலத்தில் மலிவாகக் கிடைத்த ருஷ்யாவின் ஜெனித் ஆகிய எதை நீங்கள் வைத்திருந்தாலும், நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

முதலில் லென்ஸ். 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்து, அதன் வளையத்தை 2 என்ற எண்ணில் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பவர்கள் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டமான துவாரத்தைக் காண்பார்கள். 16 என்ற எண்ணுக்குத் திருப்பினால் அதே துவாரம் மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். 50-ஐ 2-ஆல் வகுத்தால் 25. 16-ஆல் வகுத்தால் 3-க்குச் சற்று மேல். அந்த எண்களின் ரகசியம் அவ்வளவுதான். எண் பெரிதாகத் துவாரம் சிறிதாவது ஏன் என்று திகைக்கிற புதியவருக்கு, அது வகுக்கும் எண் என்று சொல்லிவிட்டால் திகைப்பு நீங்கிவிடுகிறது. 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் உள்ளே வரும் ஒளி பாதியாகக் குறைகிறது. ஷட்டர் சக்கரத்திலும் 1000, 500, 250, 125, 60 என்று ஒவ்வொரு படியும் காலத்தை இரட்டிப்பதால், இங்கே ஒரு படி மூடி அங்கே ஒரு படி திறந்தால் கணக்கு சமமாகிவிடும். நல்ல வெயிலில் 100 வேகமுள்ள பிலிமுக்கு 16-உம், ஒரு விநாடியில் 125-இல் ஒரு பங்கும் போதும் என்பது மீட்டர் இல்லாத காலத்திலிருந்து வழங்கி வரும் சூத்திரம். பாட்டரி போன நாளில் இது ஒன்றே துணை.

இங்கே கவனிக்க வேண்டிய சூக்ஷ்மம் ஒன்று உண்டு. நீங்கள் வளையத்தை 16-இல் வைத்திருந்தாலும், பார்க்கும்போது லென்ஸ் முழுவதும் திறந்தே இருக்கிறது. பொத்தானை அழுத்தும் கணத்தில்தான் ஒரு சிறு நெம்புகோல், துவாரத்தைச் சூழ்ந்த தகடுகளை 16-க்குச் சுருக்குகிறது. பிம்பம் பிரகாசமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த உபகாரம் இது. ஆனால் இதன் விளைவாக, முன்னால் இருக்கும் முகம் மட்டும் தெளிவாகவும் பின்னால் இருக்கும் மதிற்சுவர் மங்கலாகவும் வ்யூஃபைண்டரில் தெரிந்த காட்சி, பிரிண்டில் சுவரொட்டி விளம்பரத்தின் எழுத்து உள்படத் தெளிவாக வந்து நிற்கும். சில காமிராக்களில் தகடுகளை முன்கூட்டியே சுருக்கிப் பார்ப்பதற்கு ஒரு பொத்தான் உண்டு. கே1000-இல் அதுவும் இல்லையாகையால், லென்ஸின் கழுத்தில் இருபுறமும் பொறித்திருக்கும் தூரக் கோடுகளைப் படித்துப் பழக வேண்டும். அக்கோடுகளைப் படிக்காமலே பல வருஷங்களாகப் படம் எடுப்பவர்களை நான் அறிவேன்; எப்போது எது தெளியும் என்பது அவர்களுக்கு இன்றும் அதிர்ஷ்டத்தின் வசம்தான்.

லென்ஸைத் துடைப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: துடைக்காமல் இருப்பதே உத்தமம். முகப்பில் நாலு தூசி இருப்பதால் படத்தில் ஒன்றும் குறைந்துவிடாது. வேஷ்டித் தலைப்பால் தினமும் துடைப்பதால், தூசியில் இருக்கும் மணல் துகள் கண்ணாடியின் மேற்பூச்சை மெல்ல மெல்லக் கீறிவிடும். முதலில் ரப்பர் புளோயரால் ஊதி, பிறகு மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, விரல் ரேகை படிந்திருந்தால் மட்டும் லென்ஸ் தாளில் ஒரு சொட்டுத் திரவம் விட்டு நடுவிலிருந்து வெளியே சுற்றித் துடைக்க வேண்டும். திரவத்தைக் கண்ணாடியின் மேலேயே விட்டால் அது விளிம்பின் வழியாக உள்ளே இறங்கிவிடும்.

லென்ஸுக்கு நம் ஊரில் உண்மையான சத்துரு தூசியன்று, பூஞ்சை. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், குளிர்ந்த உலர்ந்த தேசங்களில் எழுதப்பட்ட புத்தகங்கள் இதை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் இருப்பவர்களுக்கோ அந்த ஒரு வரி போதாது. காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் பல நாள் நிலைத்திருந்து, இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால், கண்ணாடிகளுக்கு இடையிலே வெண்ணிற நூலிழைகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் படர ஆரம்பிக்கின்றன. ஆரம்பத்தில் பிரித்துத் துடைத்துவிடலாம். விட்டுவிட்டால் அது சுரக்கும் அமிலம் மேற்பூச்சை அரித்து, துடைத்த பிறகும் கோலம் போட்டாற்போல் தழும்பை விட்டுச் செல்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், காமிராவை மிகுந்த பயபக்தியுடன் பாதுகாப்பவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம். தோல் உறைக்குள் போட்டு, பட்டுத் துணியில் சுற்றி, மர அலமாரியின் அடித்தட்டில், ஒரு கல்யாணத்துக்கும் அடுத்த கல்யாணத்துக்கும் நடுவில் தொடாமல் வைத்திருப்பார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வது, துணியும் அப்படியே, அலமாரியின் அடித்தட்டில் காற்றோட்டமே கிடையாது. வாரந்தோறும் வெளியே எடுத்து உபயோகிக்கப்படுகிற காமிராவில் பூஞ்சை பிடிப்பது அபூர்வம்.

ஆகையால் தோல் உறையைப் பிரயாணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், ஒரு கைப்பிடி சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டிப் போட்டு, அதனுடன் காமிராவை வையுங்கள். நீல நிறமாக இருக்கும் சிலிக்கா ஜெல் ஈரத்தைக் குடித்துக் குடித்து இளஞ்சிவப்பாக மாறும். மாறியதும் அதற்கென்று ஒதுக்கிய பழைய வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதை அடிக்கடி செய்ய நேரும். ஈரத்தை அளந்து காட்டும் சிறிய மீட்டர் ஒன்றும் டப்பாவுக்குள் இருந்தால், 40-க்கும் 50-க்கும் இடையில் முள் நிற்கும்படி பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே வெகுவாக இறங்கினால் உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசை உலர்ந்துவிடும் என்பதால் மிதமிஞ்சிய உலர்ச்சியும் வேண்டாம். பாச்சை உருண்டையைப் போடுகிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதன் ஆவி கண்ணாடியின்மேலேயே படிகிறது. புடவைக்கு ஆகும், லென்ஸுக்கு ஆகாது.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளிர்சாதன அறையிலிருந்து சித்திரை வெயிலுக்குள் காமிராவைச் சட்டென்று கொண்டுவந்தால், லென்ஸிலும் வ்யூஃபைண்டரிலும் நீர் பூத்துக்கொள்ளும். அதைத் துடைக்க முயல வேண்டாம். வெளியே வருவதற்கு முன்பாகவே காமிராவைப் பையில் போட்டு ஜிப்பை மூடி, வந்த பிறகும் அரைமணி திறக்காமல் விட்டால், பையோடு சேர்ந்து மெதுவாகச் சூடேறிக்கொள்ளும். வெளியே எடுக்கும்போது நீர் பூக்காது.

லென்ஸைக் கடந்த கிரணம் அடுத்தபடியாகச் சந்திப்பது, 45 பாகைச் சாய்வில் நிற்கும் கண்ணாடியை. எஸ்.எல்.ஆர்., அதாவது சிங்கிள் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ், என்ற பெயருக்கே காரணமான உறுப்பு இது. படத்தைப் பிடிக்கும் அதே லென்ஸின் வழியாகவே பார்க்கவும் வேண்டும் என்ற ஆசைக்கு இக்கண்ணாடி விடை கூறுகிறது. கூறினாலும், அதற்கு ஒரு விலையையும் வாங்கிக்கொள்கிறது. 1936-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து வெளிவந்த கினே எக்ஸாக்டா என்னும் காமிராவில், கண்ணாடி எறிந்த பிம்பத்தை மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். பார்த்தால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். ஓடும் குதிரையைத் தொடர நினைத்தவர் எதிர்த்திசையில் திரும்பிவிடுவார். ஐந்து முகப் பிரிஸம் ஒன்றைக் கண்ணாடியின் மேல் அமர்த்தி அந்தப் புரட்டலைச் சரிசெய்த காண்டாக்ஸ் எஸ், அதே நகரிலிருந்து 1949-இல் வந்தது. காமிராவைக் கண்ணுக்கு நேரே பிடித்து உலகை உள்ளபடியே பார்ப்பது அதன் பிறகே சாதாரணமாயிற்று. ஆனால் அப்போதும் பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே போய் நின்றுவிடும். அடுத்த படத்துக்குப் பிலிமைச் சுற்றும் வரைக்கும் வ்யூஃபைண்டர் இருண்டே கிடக்கும். படம் முடிந்த கணமே கண்ணாடி தானாக இறங்கும் ஏற்பாட்டை 1954-இல் அசாஹிஃபிளெக்ஸ் காமிராவில் ஜப்பானியர் அமைத்தார்கள். 1957-இல் பென்டாக்ஸும் 1959-இல் நிக்கான் எஃப்பும் வந்தபோது, பிரிஸமும் திரும்பி இறங்கும் கண்ணாடியும் ஒரே உடலில் சேர்ந்தன. அன்று வகுத்த அமைப்பிலிருந்து பிலிம் எஸ்.எல்.ஆர். பின்னர் பெரிதாக விலகவில்லை.

கண்ணாடி வாங்கும் விலை என்று சொன்னேன். பிலிமில் ஒளி படும் அந்தக் கணத்தில் கண்ணாடி மேலே எழுந்திருக்கிறது. ஆகவே அந்தக் கணத்தை நீங்கள் பார்ப்பதில்லை. நீங்கள் பார்த்துப் பூரித்த புன்னகை, அதற்கு முந்திய புன்னகை. வ்யூஃபைண்டரில் மின்னலைப் பார்த்துவிட்டீர்களானால், அது பிலிமில் இல்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். வேறு வகைக் காமிராக்களில் இந்தக் குறை கிடையாது. 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படம் பிடித்த ஹென்றி கார்த்தியே-பிரஸ்ஸோன் ஆயுள் முழுவதும் கையாண்ட லைக்காவில், பார்க்கும் ஜன்னல் தனி, படம் பிடிக்கும் லென்ஸ் தனி. ஜன்னல் ஒருபோதும் இருளாது. எஸ்.எல்.ஆர். பழகுகிறவன் வரப்போகும் கணத்தை எதிர்பார்த்து அழுத்தப் பழக வேண்டும். வந்துவிட்ட பிறகு அழுத்தினால் பிந்திவிடும். அழுத்தும் விரலும் குத்தாமல், மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே அமுக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் லென்ஸை, விநாடியில் 60-இல் ஒரு பங்குக்குக் குறையாத வேகத்தில் கையிலேயே ஆடாமல் பிடிக்கலாம் என்பது பொதுவான அளவு. 135 லென்ஸ் என்றால் 125-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

இந்தக் கண்ணாடியை விரலால் தொடலாகாது. முகம் பார்க்கும் கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருக்கிறது, முன்னால் இருக்கும் கண்ணாடி அதைக் காக்கிறது. இங்கோ பிரதிபலிக்கும் உலோகப் பூச்சு முன்பக்கமே திறந்து கிடக்கிறது. துணியோ பஞ்சோ பட்டால் உரிந்துவரும். ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; அதில் இருக்கும் தூசி உங்கள் கண்ணை உறுத்தலாமே ஒழிய, படத்தில் விழவே விழாது. அதற்கு மேலே உள்ள ஃபோகஸ் திரையும் அப்படியே. அது மெல்லிய பிளாஸ்டிக். கீறினால் ஆயுள் முழுக்கக் கீறல். கண்ணாடி மேலே போய் மோதும் இடத்தில் ஒரு நுரை ரப்பர்ப் பட்டை ஒட்டியிருக்கும். பின்கதவின் பள்ளங்களிலும் இதே நுரை ரப்பரே ஒளி புகாமல் காக்கிறது. இருபது வருஷத்துக்கு மேற்பட்ட எந்த ஜப்பானியக் காமிராவிலும் இந்த நுரை தாராகக் கரைந்து, தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டும். லென்ஸ் எந்த நிறுவனத்துடையது என்று விசாரிப்பதில் செலவிடும் சிரத்தையில் நாலில் ஒரு பங்கை இந்தப் பட்டைக்குச் செலவிட்டால், படங்களில் செந்நிறக் கீற்றுகள் ஏன் விழுகின்றன என்று பிற்பாடு வருந்த வேண்டியிருக்காது. பழையதை மரக்குச்சியால் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, புதுப் பட்டையை வெட்டி ஒட்டலாம். கதவுப் பள்ளங்களை நாமே செய்துகொள்ளலாம். கண்ணாடியின் மேலே உள்ளதை மட்டும், துகள் கண்ணாடியிலும் திரையிலும் விழும் என்பதால், தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

பிரிஸத்தின் அருகே ஒளியில் ஒரு பகுதியை வாங்கி அளப்பது மீட்டர். வ்யூஃபைண்டரின் வலப்பக்கம் ஒரு முள் ஏறி இறங்கும். அது நடுவில் நிற்கும்படி துவாரத்தையோ வேகத்தையோ திருப்பிவிட்டால் வேலை முடிந்தது என்றே புதியவர்கள் நினைக்கிறார்கள். பாதி உண்மை. மீட்டர் நேர்மையான, ஆனால் கற்பனையே இல்லாத ஒரு கணக்குப்பிள்ளை. உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்பதே அதற்குத் தெரிந்த ஒரே நியதி. வெள்ளை வேஷ்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் என்று நிற்கும் பெரியவரை அதன் முன் நிறுத்தினால், இத்தனை வெளிச்சம் ஆகாது என்று அது குறைக்கச் சொல்லும். கேட்டு நடந்தால் வேஷ்டி அழுக்காகவும் முகம் இருளாகவும் வரும். முள் சொன்னதற்கு மேலே ஒன்றரைப் படி, சமயத்தில் இரண்டு படி திறக்க வேண்டும். கோயில் யானையைச் சட்டகம் நிறைய எடுக்கும்போது நிலைமை தலைகீழ்: மீட்டர் கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும், ஒரு படி மூடினால்தான் யானை யானையாக இருக்கும். வானத்தைப் பின்னால் வைத்து ஒருவரை எடுப்பதானால், அருகில் சென்று முகத்தையே சட்டகம் நிறையப் பிடித்து முள்ளைப் படித்து, அந்த அளவை மாற்றாமல் பின்னால் வந்து எடுக்க வேண்டும். அட்டை விற்கிறார்கள், 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிற அட்டை. அதை அதே வெளிச்சத்தில் பிடித்து அளந்தால் மீட்டரின் பிடிவாதம் நமக்குச் சாதகமாகவே முடியும். ஐயம் நேர்ந்தபோது நெகடிவ் பிலிமுக்குச் சற்று அதிகமாகவே ஒளி கொடுங்கள், அது பொறுத்துக்கொள்ளும். ஸ்லைடு பிலிமுக்கு அதிகம் கொடுத்தால் வெளுத்துப்போன இடம் மீளவே மீளாது.

மீட்டரின் பாட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காமிராவை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துவிடப் போகிறீர்களானால் பாட்டரியை எடுத்துவிடுங்கள். கசிந்து பச்சை பூத்த பாட்டரி அறைகளைப் பழுது பார்ப்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள். லேசாகப் பூத்திருந்தால், குச்சியில் சுற்றிய பஞ்சை வினிகரில் நனைத்துத் துடைத்து, உலர்த்தி, தொடுமுனையை மெல்லத் தேய்த்தால் சரியாகிவிடும். அணைக்கும் சுவிட்சு இல்லாத கே1000-இல், லென்ஸுக்கு மூடி போடுவதே மீட்டரை ஓயவிடும் உபாயம். இருட்டில் அது மின்சாரத்தை அநேகமாக இழுப்பதில்லை. ஓஎம்-1 போன்ற மூத்த காமிராக்களுக்கு வேறொரு சங்கடம் உண்டு. அவற்றின் மீட்டர்கள் 1.35 வோல்ட்டு பாதரச பாட்டரிக்கென்று அளவிடப்பட்டவை. பாதரசத்தின் நச்சுத்தன்மை காரணமாக அந்த பாட்டரி இப்போது செய்யப்படுவதில்லை. அதே உருவத்தில் கிடைக்கும் 1.5 வோல்ட்டு பாட்டரியைப் போட்டால் முள் அசையும், ஆனால் தவறாக அசையும். காது கேட்கும் கருவிக்கு விற்கிற 675 என்னும் பாட்டரியை ஒரு வளையத்துடன் பொருத்தினால் ஏறக்குறைய சரியான அளவு கிடைக்கிறது. சில வாரங்களில் தீர்ந்துவிடும் என்பதொன்றே குறை.

இனி ஷட்டர். பின்கதவைத் திறந்தால் நடுவே தெரியும் கறுப்புத் துணி அது. ரப்பர் பூசிய பட்டு. உண்மையில் அவை இரண்டு திரைகள். முதல் திரை ஓடித் திறக்கிறது, இரண்டாவது பின்தொடர்ந்து மூடுகிறது. வேகம் அதிகமாக அதிகமாக, முதலாவது ஓடி முடிப்பதற்குள்ளேயே இரண்டாவது கிளம்பிவிடுவதால், பிலிமின்மேல் ஒரு மெல்லிய இடுக்கு மட்டுமே நகர்ந்து செல்கிறது; பிலிமின் முழுப்பரப்பும் ஒரே சமயத்தில் திறந்திருப்பது கே1000-இல் விநாடியில் 60-இல் ஒரு பங்கு வரைக்கும்தான். அதனால்தான் ஃபிளாஷ் போடும்போது 60-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால், மணமகனுக்கு வெளிச்சமும் மணமகளுக்கு இருட்டுமாகப் படம் செங்குத்தாகப் பிளந்து வரும். திரையை விரலாலோ பிலிமின் முனையாலோ தொடாதீர்கள். ஊதும்போதுகூட எட்டி நின்று ஊதுங்கள். உபயோகமில்லாமல் வைக்கிற காமிராவில் பிலிமை நகர்த்தும் லீவரைச் சுற்றி வில்லை இழுபட்ட நிலையில் விட வேண்டாம். மாதம் ஒருமுறை, பிலிம் இல்லாமலே, எல்லா வேகங்களிலும் சில தடவை ஓடவிட்டால் எண்ணெய் உறையாது. மெதுவான வேகங்கள் இழுத்துக்கொண்டு போனால், தையல் மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விடலாமே என்று தோன்றும், தோன்றுவதோடு நிற்கட்டும். அந்தச் சொட்டு திரைக்கும் தகடுகளுக்கும் பரவி, ஒரு பழுதை மூன்றாக்கிவிடும்.

கிரணம் கடைசியாகச் சேரும் இடம் பிலிம். ஜெலட்டின் பசையில் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்களைக் கலந்து மெல்லிய நாடாவில் பூசிய பொருள் அது. நமது உதகமண்டலத்திலேயே, 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் ‘இந்து’ என்ற பெயருடன் கறுப்பு வெள்ளைப் பிலிம் செய்யப்பட்டு வந்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது, இப்போது வெளிநாட்டுப் பிலிமையே நம்பி இருக்கிறோம். விலை அதிகமாகையால் அதை வீணாக்காமல் போடக் கற்பது அவசியம். நிழலில் நின்றுகொண்டு, ரீவைண்ட் குமிழை இழுத்துக் கதவைத் திறந்து, சுருளை இடப்பக்கம் அமர்த்தி, நாக்கை வலப்பக்க உருளையின் இடுக்கில் செருகி, பற்கள் இரு ஓரத்துத் துளைகளிலும் மாட்டியிருப்பதைப் பார்த்த பிறகே கதவை மூட வேண்டும். மூடியதும் இடப்பக்கக் குமிழைச் சற்றே பின்னால் சுற்றித் தளர்வை இறுக்கி, லீவரைத் தள்ளும்போது அந்தக் குமிழ் கூடவே சுழல்கிறதா என்று கவனியுங்கள். சுழன்றால் பிலிம் நகர்கிறது. சுழலாவிட்டால் எண்காட்டி 36-ஐக் காட்டினாலும் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. திருவிழா முழுவதையும் எடுத்து முடித்து, கழுவக் கொடுத்து, வெறும் பிலிமைத் திரும்ப வாங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இந்தக் குமிழை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். அடுத்து, பிலிமின் வேகம் 100-ஆ 400-ஆ என்பதை ஷட்டர் சக்கரத்தின் வளையத்தைத் தூக்கித் திருப்பி வைத்துவிட வேண்டும்.

கடைசிப் படத்தில் லீவர் நின்றுவிட்டால் பலவந்தம் செய்யாதீர்கள். துளைகள் கிழியும், அல்லது பிலிம் சுருளிலிருந்தே பிய்ந்து வரும். காமிராவின் அடியில் உள்ள சிறு பொத்தானை அமுக்கி, குமிழின் கைப்பிடியை விரித்து, அம்புக்குறி காட்டும் பக்கம் நிதானமாகச் சுற்றுங்கள். இறுக்கம் விட்டுக் கை இலேசாகும்வரை சுற்றிய பிறகே கதவைத் திறக்கலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் பிலிமை விடலாகாது. குளிர்ப்பெட்டியில் வைத்த பிலிமை, அறை வெப்பத்துக்கு வரும்வரை டப்பாவைத் திறக்காமல் வைத்திருங்கள். விமான நிலையங்களில் கைப்பைகளுக்கு வந்திருக்கும் புதிய சி.டி. ஸ்கேனர்கள் எந்த வேகப் பிலிமையும் மங்கச் செய்யும். கையில் எடுத்துப் பார்க்கும்படி பணிவாகக் கேட்க வேண்டும். கழுவிய நெகடிவையும் நான் முன்னே சொன்ன பூஞ்சை விடாது. ஜெலட்டின் அதற்கு ஆகாரம். காற்றுப் புகும் தாளுறைகளில் போட்டு, நின்ற வாக்கில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வீட்டிலேயே கழுவுவது ஒரு தனிக் கலை. கரைசல்கள் 20 பாகை வெப்பத்தை எதிர்பார்க்க, வைகாசி மாதத்துக் குழாய் நீர் 30-க்கு மேல் வருகிறது என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

முதல் சுருளுக்கு ஒரு யோசனை. கறுப்பு வெள்ளை, 400 வேகம், ஒரே லென்ஸ். ஒரு சிறு நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் துவாரம், வேகம், மீட்டரிலிருந்து எவ்வளவு விலகினீர்கள் என்ற மூன்றையும் எழுதிக்கொண்டே போங்கள். ஒரே வெள்ளைச் சுவரை மீட்டர் சொன்னபடி ஒன்று, ஒரு படி திறந்து ஒன்று, இரண்டு படி திறந்து ஒன்று என்று எடுத்து, நெகடிவை வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்க்கும்போது, நான் இங்கே இவ்வளவு நேரம் பேசியதைவிட அந்த மூன்று கட்டங்கள் அதிகமாகச் சொல்லும். பிரிண்டைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். பிரிண்ட் போடுகிறவர் உங்கள் பிழையைத் திருத்தியே கொடுத்திருப்பார்.

வாங்குவதைப் பற்றி இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். காரணம், ஒளி செல்லும் வழியை அறியாதவரிடம் சொன்னால் பயன் இல்லை. இன்று பெரும்பாலும் பழைய காமிராவையே வாங்கப் போகிறீர்கள். ஒரு சிறு டார்ச்சும் புது பாட்டரியும் சட்டைப்பையில் எடுத்துப் போங்கள். லென்ஸைக் கழற்றி, துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, சற்றே சாய்த்துப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை, நூலிழைகள் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்புறத்து நெம்புகோலை அசைத்தால் தகடுகள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். சோம்பினால் எண்ணெய் படிந்திருக்கிறது. பின்கதவைத் திறந்து வெளிச்சமான சுவரைப் பார்த்தவாறு ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை ஓட்டுங்கள். ஒரு விநாடி ஒரு விநாடியாக இருக்கிறதா என்பதைக் காதாலேயே அறியலாம். 1000-இல் சட்டகத்தின் ஒரு ஓரம் கறுத்துத் தெரிந்தால் திரைகளின் ஓட்டம் ஒத்துப்போகவில்லை. வ்யூஃபைண்டரில் கறுத்த கோடோ கறையோ இருந்தால், குறிப்பாக ஓஎம்-1-இல், மேலே உள்ள நுரை கரைந்து பிரிஸத்தின் ரசத்தைத் தின்றிருக்கிறது என்று பொருள். பாட்டரி அறையின் மூடியைத் திறந்து பாருங்கள். திருகுகளின் தலையைப் பாருங்கள். அவை சிதைந்திருந்தால் யாரோ அரைகுறையாகப் பிரித்திருக்கிறார்கள். கதவுப் பள்ளத்தில் நகத்தை வைத்து நுரை ஒட்டுகிறதா என்று சோதியுங்கள்; ஒட்டத்தான் ஒட்டும், அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். புது நுரைக்கும், பிரித்துத் துடைத்து எண்ணெய் மாற்றுவதற்கும் உங்கள் ஊர் மெக்கானிக் என்ன வாங்குகிறார் என்பதை முன்னாடியே விசாரித்து வைத்துக்கொண்டு, அந்தத் தொகையைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.